முப்பது சும்மா கன்றுகள்

"நாற்பத்தொன்று" என்றேன். எனக்கு உதவியாக இருக்கும் ஷர்மிளா எழுதிக்கொண்டாள். நாற்பத்தொரு மில்லிமீட்டர் நீலம், இருக்கவே கூடாத இடத்தில். பைன் கன்றின் தண்டை நெடுக்காகப் பிளந்து வைத்திருக்கிறேன், என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, பிசின் வாசனை மூக்கில் ஏறுகிறது, வெளுத்த மரத்தின் நடுவே பூஞ்சை ஓடிய தடம், சாம்பல் கலந்த நீலம், சட்டைப்பையில் மை கசிந்து எத்தனை துவைத்தாலும் போகாமல் நிற்குமே அது, இல்லை, அது இல்லை, ஊசி குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல் போன அப்பாவின் முழங்கை, நான் அதைப் போனில்தான் பார்த்தேன், தம்பி காமிராவைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினான், வேண்டாம், அடுத்த கன்று. மொத்தம் நூற்றிருபது. எட்டு வாரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றின் பட்டையிலும் கத்தியால் ஒரு சிறு கதவு திறந்து, உள்ளே பொட்டு அளவுக்கு ஒரு வில்லை வைத்து மூடினேன். தொண்ணூறு கன்றுக்குப் பூஞ்சை வளர்ந்த வில்லை. அதில் முப்பதுக்கு ஒரு மருந்து, முப்பதுக்கு இன்னொரு மருந்து, முப்பதுக்கு மருந்தே கிடையாது. மீதி முப்பதுக்குப் பூஞ்சை இல்லாத வெறும் வில்லை, கத்திக் காயம் மட்டும், மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. புத்தகத்தில் அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். நாற்றங்காலில் வேலை பார்த்த சவேரியம்மா வைத்த பெயர் சும்மா கன்று. "இதுக்கு ஒண்ணும் வைக்கலியா சார்? சும்மா கீறி, சும்மா மூடிட்டீங்க?" என்று சிரித்தார், பிறகு எல்லோர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. ஷர்மிளாகூட அட்டையில் ச-1, ச-2 என்றுதான் எழுதியிருக்கிறாள். சும்மா கன்றில் நீலம் வந்தால் சோதனை கெட்டது என்று அர்த்தம். யாரோ எங்கிருந்தோ பூஞ்சையைக் கொண்டுவந்து தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே நான் சொல்லியாகிவிட்டது.

"முப்பத்தேழு." வெளியே மேகம் இறங்கி நாற்றங்காலை மூடிக்கொண்டிருக்கிறது, மேல்மலையில் இது வழக்கம், பதினொரு மணிக்கே விளக்குப் போடவேண்டியிருக்கும், ஸ்வீடனில் இரண்டு மணிக்கு இருட்டும், அங்கே பத்தொன்பது வருஷம் இருட்டில் வேலை பார்த்துப் பழகியவனுக்கு இது ஒன்றும் இல்லை என்று வந்த புதிதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிக்கொண்டு திரிந்தது நிறைய. எல்லோரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவேன், தோட்டத்து ஆட்களையும், இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, டைரக்டர் வரதன் ஒருமுறை சிரித்தபடி "அருணகிரி சார், ரொம்ப மரியாதை குடுத்தா வேலை நடக்காது" என்றபோது எனக்குள் ஒரு பெருமை, ஆமாம் பெருமைதான், வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சாமான் மாதிரி அதையும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஐந்தாறு சும்மா கன்றின் ஊசி இலைகள் பழுப்பாகின. ச-1ன் காயத்தில் சுற்றியிருந்த மெழுகுத்தாளைப் பிரித்தேன், அடியில் நீலம். அறிக்கையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன், கையாளும்போது தொற்று நேர்ந்திருக்கலாம் என்று, அந்த வரியில் ஆளே இல்லை, எவ்வளவு சுத்தமான வரி. அதைப் படித்த டைரக்டர் தலையைத் தூக்கித் தமிழில் "யாரு?" என்றார். மெழுகுத்தாள் சுற்றியது சவேரியம்மா. அந்த மேஜையில் கன்றைத் தொட்டது எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை, ஷர்மிளா அன்று பரீட்சைக்குப் போயிருந்தாள். இரண்டு பேரில் ஒருவர் என்றால். நான் யோசிக்கக்கூட இல்லை. நேரே குழாயடிக்குப் போனேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள், பத்துப் பேர், பத்துப் பேர் முன்னால் கேட்டேன், "அன்னைக்குக் கை கழுவினியா நீ?"

நீ. அது எங்கிருந்து வந்தது? "முப்பது" என்றேன் ஷர்மிளாவிடம், அவள் தலையாட்டினாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண். "கழுவினேன் சார்." "நல்லா கழுவினியா?" "சோப்புப் போட்டுத்தான் சார் கழுவினேன்." "கழுவின கையா இப்படிப் பண்ணும்?" குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் மூடவில்லை. சவேரியம்மா எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரியாததுபோல நடந்துகொள்வதுதான் என் நாகரிகம், ஒரு வருஷம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தேன். அந்தத் தெருக்காரர்கள் ஒரு தம்ளரை நீட்டினால் என் ஆட்கள் பல தலைமுறையாக என்ன கேட்டார்களோ அதையே நான் பூஞ்சையியல் படித்துவிட்டு வந்து கேட்டேன். சாயங்காலமே டைரக்டர் அவரை நிறுத்திவிட்டார். பதினோரு வருஷ வேலை. மறுநாள் காலையில் வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றதாகச் சொன்னார்கள், நான் உள்ளே நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தேன், வெறும் கண்ணாடித் துண்டு, அதில் பார்க்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் அவர் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை. இப்போது கேரட் கழுவுகிற இடத்தில் நிற்கிறார். ஷர்மிளா பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். "முழங்கால் வரைக்கும் தண்ணி சார், இந்தக் குளிர்ல" என்று போன வாரம் சொன்னாள், ஒரு செய்தி மாதிரித்தான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"இருபத்துநாலு." "பதினஞ்சு." "ஒன்பது." "நாலு." ஷர்மிளா பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்துகொண்டு, "என்ன சார், இறங்கிட்டே போகுது? தங்கம் வெலையெல்லாம் இப்படி இறங்குனா நல்லாருக்கும்" என்றாள். சிரித்தேன். ச-8ஐப் பிளந்தேன். வெள்ளை. முழுக்க வெள்ளை, காயத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம், அது தானே ஆறுகிற காயம், எல்லாச் சும்மா கன்றும் இப்படித்தான் இருக்கவேண்டும். "பூஜ்யம்." ச-9 பூஜ்யம். ச-10 பூஜ்யம். மனசு லேசானது, ஏன் லேசாகிறது என்று கேட்காமலே லேசானது, எல்லாமே கெட்டுவிடவில்லை, பாதியாவது மிஞ்சும், கத்தியை ஸ்பிரிட்டில் முக்கி விளக்கில் காட்டி, நீலச் சுவாலை அணைந்ததும் ச-11ஐ எடுத்தேன். பிளந்தேன். ஸ்கேலை வைத்தேன். மறுபடி வைத்தேன். "சார்?" முப்பத்தெட்டு. "எவ்ளோ சார்?" "முப்பத்தெட்டு." அடுத்தது முப்பத்தொன்று. அடுத்தது இருபத்தாறு. பதினேழு. பத்து. ஐந்து. அப்புறம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இருபது கன்று ஆகிவிட்டது. முதல் பத்தில் ஒரு சரிவு, இரண்டாவது பத்தில் அதே போல இன்னொரு சரிவு. கழுவாத கை இப்படி வரிசையாகத் தொடாது. கை பிடிக்கும், விடும், இங்கே படும், அங்கே படாது. ஒவ்வொரு கன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைபட்டுத் துடைபட்டுச் சுத்தமாகிக்கொண்டே போன ஒரு பொருள் இது. அதன் பெயர் எனக்குத் தெரியும். இப்போதும் என் கையில்தான் இருக்கிறது.

இல்லை, அவசரப்படாதே. அன்று என்ன நடந்தது, முதலிலிருந்து. சுத்தமானதை முதலில் முடித்துவிட்டு அழுக்கை அப்புறம் தொடவேண்டும், சும்மா கன்றுகளைத்தான் முதலில் கீறவேண்டும், இது முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லித்தருகிற பாடம், நானே சொல்லித்தந்திருக்கிறேன், இரண்டு பாஷையில். அன்று காலை டைரக்டர் மருந்துக் கம்பெனி ஆட்களை அழைத்து வந்தார், அவர்களுக்குப் பூஞ்சையைப் பார்க்கவேண்டும், படம் எடுக்கவேண்டும், வெறும் வில்லையைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? அதனால் தொண்ணூறை முதலில் எடுத்தேன். நன்றாக விளக்கிச் சொன்னேன், எனக்கே பிடித்திருந்தது என் குரல். ஒவ்வொரு கன்றுக்கும் கத்தியைச் சுட்டேன், அதையும் படம் எடுத்தார்கள். அவர்கள் போனபின் தொண்ணூறு முடிந்தது, ஸ்பிரிட் விளக்கும் தீர்ந்தது. குப்பி காலி. ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவார். விரல்கள் விறைத்திருந்தன. பஞ்சால் துடைத்தால் போதும் என்று, ஆமாம், துடைத்தேன், துடைத்துத் துடைத்துச் சும்மா கன்றுகளைக் கீறினேன், ஒன்றிலிருந்து பத்து வரை. டீ வந்தது. டீ குடித்துவிட்டுப் பார்த்தால் மூன்றாவது தட்டில் பதினேழாம் கன்று கீறாமல் விட்டுப்போயிருந்தது, பூஞ்சைக் கன்று, அதைக் கீறி வில்லை வைத்து மூடினேன், கத்தியைத் துடைத்தேன், பதினொன்றை எடுத்தேன். பதினொன்றை எடுத்தேன். சவேரியம்மா எதிரே உட்கார்ந்து மெழுகுத்தாளைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் கீறி முடித்தபின் அவர் பக்கமிருந்து சுற்ற ஆரம்பித்தார், அவர் பக்கம் என்றால் முப்பதிலிருந்து கீழாக, முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. அவர் கையாக இருந்தால் ச-30தான் மிக நீலமாக இருக்கவேண்டும். ச-30ஐ எடுத்தேன், வரிசையை விட்டுவிட்டு. "சார், இருபத்தொண்ணு இங்க இருக்கு" என்றாள் ஷர்மிளா. பிளந்தேன். வெள்ளை. இருபத்தொன்பதும் வெள்ளை. பாலைப்போல.

அன்று அவர் ஏதோ கேட்டார். பதினொன்றை எடுத்தபோது. தாளை நறுக்குவதை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார், நான் தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னேன், இரண்டு மாதமாக அந்த இடத்தில் ஒரு மூடிய கதவு, இடுக்கில் கத்தியை நுழைக்கிறேன், வராது என்று நினைத்தேன், சுலபமாக வருகிறது, காத்துக்கொண்டிருந்ததுபோல வருகிறது. "கத்தியச் சுடலியா சார்?" அவ்வளவுதான். "தேவையில்ல, நீங்க உங்க வேலையப் பாருங்க." நீங்க என்றுதான் சொன்னேன், அன்றைக்கு மரியாதையாகத்தான் சொன்னேன். அத்தனை தடவை சுட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் சுடவில்லை என்று கவனித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை, குழாயடியில் அத்தனை பேர் முன்னால் அவர் அதைச் சொல்லியிருக்கலாம், "நீங்கதான் சார் கத்தியச் சுடல" என்று ஒரே வார்த்தை, சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாளா, சொல்லியிருந்தால் அந்தக் குழாயடியில் அதை யார் கேட்டிருப்பார்கள். "சார், தண்ணி வேணுமா?" "வேணாம். எழுதுங்க. இருபத்தொன்று பூஜ்யம்." கடைசிப் பத்தும் பூஜ்யம். ஷர்மிளா கூட்டிக்கொண்டிருக்கிறாள், உதடு அசைகிறது, "மொத்தம் எரநூத்தி எம்பத்தேழு, முப்பதால வகுத்தா ஒன்பது புள்ளி அஞ்சு ஏழு." ஒன்பதரை மில்லிமீட்டர். எவ்வளவு சாதுவான எண். அதற்குள் சரிவு கிடையாது, பத்தாம் கன்றுக்கும் பதினொன்றுக்கும் நடுவே குடித்த டீ கிடையாது, வரிசையே கிடையாது. அறிக்கைக்குச் சராசரி மட்டும் போதும், எல்லோரும் சராசரிதான் கொடுக்கிறார்கள், ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை, லேசான தொற்று, ஏற்கெனவே காரணம் கண்டு களையப்பட்டது. களையப்பட்டது முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. எனக்கு நாற்பத்தெட்டு வயது, அங்கே ஒப்பந்தம் முடிந்து அனுப்பிவிட்டார்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை அதனால் திரும்பி வந்தேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் கத்தி சுடத் தெரியாதவன் என்று போனால் அப்புறம் போவதற்கு மலை இல்லை. "சார்" என்றாள் ஷர்மிளா, எண்களைப் பார்த்தபடி, மெதுவாக, "இதுல ஏதோ வரிசை இருக்கு, இல்ல?" "இருக்கு" என்றேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. "கத்தி. அன்னைக்கு நான் கத்தியச் சுடல." அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, மூடியது தப்போ என்பதுபோல மறுபடி திறந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு டைரக்டர் வந்தார், மப்ளரும் குடையுமாக, "ஆச்சா? ஆவரேஜ் மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." சொன்னேன். ஆவரேஜை அல்ல, கத்தியை, டீயை, பதினேழாம் கன்றை, முப்பதிலிருந்து சுற்றியதை. நான் நினைத்தது இந்த இடத்தில் ஏதாவது இடியும் என்று. அவர் குடையை மூலையில் சாய்த்து வைத்து, கன்றுகளைக் குனிந்து பார்த்து, "நல்லா இருக்கே, அழகா இறங்குது" என்றார். பிறகு ஷர்மிளாவை டீ சொல்ல வெளியே அனுப்பிவிட்டு, "இத எழுதினா எட்டு வாரமும் போச்சு, திரும்பச் செய்யணும், கம்பெனிக்காரன் எவன் உக்காந்திருப்பான்? ஒன்பதரைன்னு குடுங்க, மருந்து வேலை செய்யுதுங்கிறது மாறப்போறதில்ல." "சவேரியம்மா?" "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே. புதுசா வந்திருக்கிறதும் பாவம், புருஷன் இல்லாத பொண்ணு, அத எப்படி நிறுத்துறது?" கோபமே இல்லாமல், தோளைத் தொட்டு, "நீங்க சொன்னீங்க, நான் செஞ்சேன். என்னமோ நானா செஞ்ச மாதிரி பாக்குறீங்களே சார்" என்றார். அது உண்மை. அவ்வளவு நேரம் அவர்மேல் எங்கோ ஒரு பாதிப் பழியைப் பத்திரமாக வைத்திருந்தேன், அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு மணிக்குள் எண் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குடையோடு போய்விட்டார்.

சவேரியம்மாவின் நம்பரை ஷர்மிளாதான் போட்டுக் கொடுத்தாள். எட்டு முறை மணி அடித்தபின் எடுத்தார். பின்னால் தண்ணீர் இரைச்சல், யாரோ மூட்டையை அவிழ்க்கச் சொல்லிக் கத்துகிறார்கள். "யாரு?" "நான் அருணகிரி பேசறேன்மா. ரிசர்ச் ஆபீஸ்லேர்ந்து." "சொல்லுங்க சார்." "இன்னைக்குக் கன்றெல்லாம் பிளந்து பார்த்தேன். உங்க கை இல்ல. கத்திதான். என் கத்தி." இந்த இடத்தில் மூச்சு விட்டேன், அதுவே ஒரு பெரிய காரியம்போல, எனக்கு ஏதோ கிடைக்கப் போகிறதுபோல. "தெரியும் சார்" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. "மன்னிச்சுக்கங்கம்மா. டைரக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்." "என்ன சொன்னாரு?" ஸ்கேலை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். தண்ணீரில் கேரட் உருளுகிற சத்தம் கூழாங்கல் மாதிரிக் கேட்டது. பிறகு, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க சார்" என்றார். "என் சம்மந்திகூட அங்கதான் நின்னுச்சு. இப்ப எனக்கு மட்டும் சொல்றீங்க." யாரையோ பார்த்து "இந்தா வந்துட்டேன்" என்றார். வைத்துவிட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. தாளை எடுத்தேன், முப்பது எண்ணும் வரிசையாக இருந்த தாளை, எதற்கு என்று தெரியாமல், குழாயடியில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு அது எதையும் சொல்லப்போவதில்லை. ஷர்மிளா பின்னால் வருகிறாளா என்று பார்க்கவில்லை. மேகம் இவ்வளவு கீழே, நாற்றங்காலின் பைகள் கறுப்பு வரிசையாக எங்கேயோ போய் மறைகின்றன, செருப்புக்கடியில் பைன் ஊசி வழுக்குகிறது, என்ன சொல்லவேண்டும், முதலில் அவர் பெயரைச் சொல்லவேண்டும், பெயரைச் சொல்லித் தொடங்கினால் மீதி வந்துவிடும், நாலு மணிக்கு நான் கொடுக்கப்போவது இந்தத் தாள்தான், ஒன்பதரை அல்ல, அதை இப்போது முடிவு செய்தேனா, நடக்கும்போதே முடிவாகியிருந்ததா, வேலை போகும், போகட்டும் என்று சொல்ல முடியவில்லை, போகும் என்று மட்டும் சொல்ல முடிகிறது, குழாயடி கிட்டே வந்துவிட்டது. பத்துப் பேரும் இருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். யாரோ குழாயை மூடினார்கள். முன்னால் நின்ற புதிய பெண், பெயர்கூட எனக்குத் தெரியாது, ஈரக் கைகளை என் பக்கமாக நீட்டினாள், பிறகு திருப்பி உள்ளங்கையையும் காட்டினாள், குளிரில் சிவந்து தோல் சுருங்கிய கை. "கழுவிட்டேன் சார், சோப்புப் போட்டுட்டேன்." அடுத்தவரும் நீட்டினார். அதற்கடுத்தவரும். சவேரியம்மாவின் சம்மந்தி கடைசியில், என் முகத்தையே பார்த்தபடி, மெதுவாக. மூன்று வாரமாக இதுதான் நடக்கிறதா இங்கே, நான் உள்ளே இருந்தேன். "சவேரியம்மா கை இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். "சவேரியம்மா நல்லாத்தான் கழுவியிருந்தாங்க. என் கத்திதான். நான்தான் சுடல. அவங்க கேட்டாங்க, சுடலியான்னு. நான் கேக்கல." சொல்லி முடித்துவிட்டேன். யாரும் கையை இறக்கவில்லை.